200 இன்ச்சில் ஒரு பாஸ்போர்ட் போட்டோ

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம். கோவில்பட்டியில் நான் கல்யாண ஆல்பம் டிசைன் செய்து கொடுக்கும் ஸ்டூடியோவிலிருந்து கடைக்கார அண்ணாச்சி போன் செய்தார்.

"தங்கச்சி, கொஞ்சம் கடை வரைக்கும் வர முடியுமாம்மா? ஒரு போட்டோவை க்ராப் பண்ண முடியலை. மெமரி பத்தலைங்குது. ஒரு பிள்ளை காத்துக்கிட்டு இருக்கு, பேங்க் பரீட்சைக்கு இன்னைக்குத்தான் கடைசி நாளாம்."

வீட்டிலிருந்து கடைக்கு ஐந்து நிமிட நடைதான். அதே கம்ப்யூட்டரில் அன்று காலை நானே உட்கார்ந்து 12-க்கு 36 ஆல்பம் ஷீட்டுகளைத் திருத்தியிருந்தேன். 12 இன்ச் உயரம், 36 இன்ச் அகலம், 300 டிபிஐ, அதாவது ஒரு இன்ச்சுக்கு 300 பிக்சல் என்கிற புள்ளிகள். ஒரு ஷீட் 10,800-க்கு 3,600 பிக்சல், கிட்டத்தட்ட 117 எம்பி. லேயர்கள் சேர்ந்தால் ஒரு ஜிபியைத் தாண்டும். அதையெல்லாம் முனகாமல் தாங்கிய கம்ப்யூட்டருக்கு ஒரு பரீட்சை போட்டோவுக்கு மெமரி எப்படிப் பத்தாமல் போகும்?

கடையில் அந்தப் பெண் சர்டிபிகேட் கவரை மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் சேரின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சி வியர்த்துப்போய் இருந்தார். கம்ப்யூட்டர் சர்வீஸ் பையனிடம் போனில் கேட்டிருக்கிறார். "ரேம் 8 ஜிபிதான் இருக்கு, 16 ஆக்கணும், திங்கள்கிழமை வந்து போட்டுத் தாரேன்" என்று பதில். திங்கள்கிழமைக்கு அந்தப் பெண் என்ன செய்வாள்?

"நீங்க செஞ்சதை அப்படியே இன்னொரு தடவை செய்யுங்க அண்ணாச்சி, நான் பாக்குறேன்" என்றேன். இப்படிப்பட்ட பிரச்சினைகளில் நான் முதலில் சொல்வது இதுதான். மவுசை வாங்கிக்கொண்டு நாமே உட்கார்ந்துவிட்டால், தவறு நடந்த இடம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

அவர் ஃபோட்டோஷாப்பில் போட்டோவைத் திறந்தார். க்ராப் டூலை எடுத்தார். மேலே உள்ள பட்டையில் அகலத்துக்கு 200, உயரத்துக்கு 230 என்று டைப் செய்தார். வங்கித் தேர்வு விண்ணப்பத்தில் ஐபிபிஎஸ் கேட்கிற அளவு அதுதான். 200-க்கு 230 பிக்சல், 20 கேபியிலிருந்து 50 கேபிக்குள். எண்ணில் தவறே இல்லை. முகத்தைச் சுற்றிக் கட்டத்தைச் சரிசெய்து என்டர் தட்டினார். நீலப் பட்டை நகர்ந்தது, நகர்ந்தது, பாதியில் நின்றது. போதுமான மெமரி இல்லை என்ற பெட்டி வந்து நின்றது.

நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்த 200-ஐ இல்லை, அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த யூனிட்டை. இன்ச் என்று இருந்தது. அதற்கு அடுத்த பெட்டியில் ரெசல்யூஷன் 300.

காலையில் ஆல்பத்துக்காக ஒவ்வொரு படத்தையும் 8-க்கு 12 இன்ச், 300 என்று வைத்து வெட்டியது நான். வேலை முடிந்ததும் பெட்டிகளைக் காலி செய்யாமல் எழுந்து போனதும் நான்தான்.

கணக்கைப் பாருங்கள். 200 இன்ச் என்பது 16 அடி 8 அங்குலம். 230 இன்ச் என்பது 19 அடி 2 அங்குலம். மெயின் ரோட்டில் சாரம் கட்டி நிறுத்துகிற ஃப்ளெக்ஸ் பேனர் அளவு. அந்த ஃப்ளெக்ஸையே 72 டிபிஐயிலோ அதற்கும் குறைவாகவோதான் அடிப்போம். இங்கே 300. அதாவது 60,000-க்கு 69,000 பிக்சல். பெருக்கினால் 414 கோடி பிக்சல். ஒரு பிக்சலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று 3 பைட். மொத்தம் 12.4 ஜிபி. அந்தப் பெண்ணுக்கு உண்மையில் தேவைப்பட்டது 46,000 பிக்சல், 138 கேபி. கேட்க வேண்டியதைப் போல 90,000 மடங்கு கேட்டிருக்கிறோம். 90,000 என்பது 300-ஐ 300-ஆல் பெருக்கினால் வருகிற எண். யூனிட் மாறியதன் விலை முழுக்க அதில் தெரிகிறது.

சரி, க்ராப் என்றால் வெட்டுவதுதானே, வெட்டினால் படம் சிறிதாகத்தானே ஆக வேண்டும் என்று அண்ணாச்சி கேட்டார். நியாயமான கேள்வி. கத்தரிக்கோலால் வெட்டினால் மிஞ்சுவது சிறிதாகத்தான் இருக்கும். ஆனால் அகலம், உயரம், ரெசல்யூஷன் மூன்றையும் நிரப்பி வைத்தால் க்ராப் டூல் கத்தரிக்கோல் வேலையோடு நிற்காது. முதலில் வெட்டும், பிறகு வெட்டிய துண்டை நாம் கேட்ட அளவுக்கு இழுக்கும். இல்லாத பிக்சல்களைப் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து அதுவாகவே உண்டாக்கும். அகலமும் உயரமும் இன்ச்சில் இருக்கும்போது ரெசல்யூஷனைக் காலியாக விட்டால் இழுக்கிற வேலை நடக்காது, வெட்டு மட்டும்தான். அளவைப் பிக்சலில் கொடுத்தால் மட்டும், ரெசல்யூஷன் காலியாக இருந்தாலும் அந்தப் பிக்சல் அளவுக்கே படத்தை மாற்றித் தரும். இந்த ஒரு விஷயத்தை ஆல்பம் வேலை கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் யாருக்கும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

யூனிட்டைப் பிக்சலாக மாற்றினேன், ரெசல்யூஷன் பெட்டியைக் காலி செய்தேன், என்டர். நீலப் பட்டை வரவே இல்லை, அதற்குள் முடிந்துவிட்டது. 31 கேபி. "அக்கா, இவ்வளவுதானா?" என்று அந்தப் பெண் எழுந்து வந்து பார்த்தாள். கையெழுத்தையும் 140-க்கு 60-ல் வெட்டிக் கொடுத்தோம். ராத்திரி விண்ணப்பம் ஏறிவிட்டது என்று போன் செய்து சொன்னாள்.

இங்கே இது முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அவள் போன பிறகு அண்ணாச்சி சாதாரணமாகச் சொன்னார். "மெமரி பத்தலைன்னு சொன்னதால டி டிரைவ்ல இருந்த பழைய கல்யாண ஃபோல்டர் மூணை டெலீட் பண்ணிட்டேம்மா. 14 ஜிபி காலி ஆச்சு. அப்பவும் அதையேதான் சொல்லுச்சு."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நம் ஊரில் மெமரி என்றால் மெமரி கார்டுதான். போனில் மெமரி ஃபுல் என்றால் வாட்ஸ்அப்பில் வந்த வீடியோக்களை அழிப்போம், இடம் கிடைக்கும். அந்தப் பழக்கத்தில் அவர் செய்தது சரியான காரியம். ஆனால் எடிட்டிங் சாஃப்ட்வேர் மெமரி என்று சொல்வது ரேமை. ரேம் என்பது வேலை செய்கிற மேஜை, ஹார்ட் டிஸ்க் என்பது பீரோ. மேஜையில் இடமில்லை என்று அது சொன்னதற்கு, பீரோவில் இருந்ததை எடுத்து எறிந்திருக்கிறோம்.

மேஜை ஏன் நிறைகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேமராவிலிருந்து வரும் ஜேபெக் 8 எம்பிதான் இருக்கும். 24 மெகாபிக்சல் கேமரா என்றால் 6,000-க்கு 4,000. திறந்தவுடன் அது 72 எம்பி ஆகிவிடும். பட்டுச்சேலையை மடித்து வைத்தால் பெட்டியில் ஒரு சாண் இடம் போதும், உடுத்தப் பிரித்தால் ஆறு கஜம். ஜேபெக் மடித்து வைத்த சேலை. எடிட் செய்வதற்குப் பிரித்துத்தான் ஆக வேண்டும். 16 பிட்டில் திறந்தால் இன்னும் ஒரு மடங்கு. அப்புறம் ஹிஸ்டரி, அன்டூ செய்வதற்காக எடுத்து வைக்கிற பழைய நிலைகள். ஒரு பருவைத் துடைத்தால் அந்தச் சிறு இடத்தை மட்டும் அது நினைவில் வைத்துக்கொள்ளும். க்ராப் செய்தாலோ மொத்தப் படமும் மாறுகிறது, பழைய படம் முழுவதையும் எடுத்து வைக்க வேண்டும். அதனால்தான் மற்ற எதற்கும் வராத பிழை க்ராப்பில் வருகிறது.

மேஜையில் கொள்ளாததைக் கீழே தரையில் இறக்கி வைப்பது போல, ரேமில் கொள்ளாததை ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தற்காலிக ஃபைலாக எழுதிக்கொள்வதுதான் ஸ்கிராட்ச் டிஸ்க். பழைய ஏற்பாடு இது. ஃபோட்டோஷாப்பின் முதல் பதிப்பு 1990-ல் மேக்கின்டோஷுக்கு வந்தபோது கம்ப்யூட்டர்களில் ரேம் ஒன்றிரண்டு எம்பிதான். இன்றைக்கு நாம் செல்போனில் எடுக்கும் ஒரு படம்கூட அதில் நிற்காது. அந்த நிலையில் பெரிய படங்களைத் துண்டு துண்டாக டிஸ்க்கில் வைத்து வேலை செய்யும் வழியைக் கண்டார்கள். இன்று 32 ஜிபி ரேம் உள்ள மெஷினிலும் அந்த வழிதான் நடக்கிறது.

அண்ணாச்சி கடையில் ஸ்கிராட்ச் டிஸ்க் டி டிரைவில் வைக்கப்பட்டிருந்தது. சி டிரைவ் நிரம்பக் கூடாது என்று நான்தான் இரண்டு வருடத்துக்கு முன் மாற்றி வைத்தேன். அது நல்ல ஆலோசனைதான், இப்போதும் எல்லோருக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அன்று என்ன நடந்தது என்றால், ஃபோல்டர்களை அழித்து 14 ஜிபி காலியானதும், அவர் மறுபடி க்ராப் செய்து பார்த்தார். 12.4 ஜிபி படத்தை உண்டாக்க முயன்ற சாஃப்ட்வேர், காலியாகக் கிடைத்த அந்த இடத்தில் தன் ஸ்கிராட்ச் ஃபைலை எழுதியது. நிரம்பியதும் நின்றது. எழுதியதை அழித்தது. அவர் மறுபடி முயன்றார். மறுபடி எழுதியது. நான் வந்து "இன்னொரு தடவை செய்யுங்க" என்று சொன்னபோது நான்காவது முறை.

சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் டெலீட் செய்த ஃபைல் உடனே போய்விடுவதில்லை. அதன் இடம் காலி என்று குறித்து வைக்கப்படும், அவ்வளவே. அதன்மேல் வேறு ஒன்று எழுதப்படும் வரை மீட்க வாய்ப்பு உண்டு. நாங்கள் நான்கு முறை எழுதியிருந்தோம். அதில் ஒன்று நான் கேட்டு எழுதியது.

அன்றிரவே கம்ப்யூட்டரை அணைக்கச் சொல்லி, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, ஃபோட்டோரெக் என்கிற இலவச சாஃப்ட்வேரைப் போட்டுத் தேடினேன். அது ஃபோல்டர் பெயர், ஃபைல் பெயர் எதையும் நம்பாது. டிஸ்க்கின் ஒவ்வொரு பகுதியையும் படித்து, ஜேபெக்கின் தொடக்க அடையாளம் தெரிந்தால் அங்கிருந்து எடுத்துக் கொடுக்கும். பெயரெல்லாம் போய் வெறும் எண்களாக வரும். விடியற்காலை வரை ஓடியது. மூன்று கல்யாணங்களில் முழுசாகத் திறந்தவை அறுபதோ எழுபதோ. மற்றவற்றில் பாதி முகம் வரை இருக்கும், கீழே சாம்பல் நிறப் பட்டை. ஒரு படத்தில் மணவறையின் வாழைமரம் மட்டும் தெளிவாக இருந்தது, அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு இந்தப் பிழை பற்றி யார் கேட்டாலும் விரிவாகவே பதில் சொல்கிறேன். நண்பர்களின் கடைகளில், எட்டயபுரத்தில் ஒரு இடம், சாத்தூரில் ஒரு இடம் என்று பார்த்ததில், க்ராப்பில் வந்த மெமரி பிழை பெரும்பாலும் இந்த யூனிட் விவகாரம்தான். சில இடங்களில் இன்ச்சுக்குப் பதில் ரெசல்யூஷன் யூனிட் சென்டிமீட்டருக்கு மாறியிருக்கும். ஒரு சென்டிமீட்டருக்கு 300 பிக்சல் என்றால் ஒரு இன்ச்சுக்கு 762. 117 எம்பி ஷீட் 750 எம்பி ஆகிவிடும். இது 200 இன்ச் போல உடனே விழாது. மெதுவாகும், சூடாகும், நாலாவது ஷீட்டில் விழும். எல்லோரும் கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது என்று நினைப்பார்கள்.

ஆகவே பிழை வந்ததும் என்டர் தட்டுவதை நிறுத்திவிட்டு க்ராப் பட்டையைப் பாருங்கள். மூன்று பெட்டி, இரண்டு யூனிட். சந்தேகமாக இருந்தால் காலி செய்யும் பட்டனை அழுத்திவிட்டு வெறுமனே வெட்டிப் பாருங்கள். வெறும் வெட்டு நடந்துவிட்டால் ரேமில் குற்றம் இல்லை, எண்ணில்தான் குற்றம். ஃபோட்டோஷாப்பில் எண்ணோடு சேர்த்தே பி, எக்ஸ் என்று இரண்டு எழுத்தைத் தட்டினால் அது பிக்சலாக எடுத்துக்கொள்ளும். நான் இப்போது பிக்சல் வேலைக்கு எப்போதும் அப்படித்தான் தட்டுகிறேன், யூனிட்டை நம்புவதில்லை.

வெறும் வெட்டும் நடக்கவில்லை என்றால் அது உண்மையான தட்டுப்பாடு. ஃபோட்டோஷாப்பின் கீழ் இடது மூலையில் உள்ள சிறு அம்புக்குறியை அழுத்தினால் எஃபிஷியன்சி என்று ஒன்று வரும். 100 சதவீதம் இருந்தால் ரேமிலேயே வேலை நடக்கிறது. குறைந்தால் டிஸ்க்கில் இறக்கி இறக்கி வேலை செய்கிறது என்று அர்த்தம். அப்போது எடிட் மெனுவில் பர்ஜ் கொடுத்து ஹிஸ்டரியையும் கிளிப்போர்டையும் காலி செய்யலாம், ஆனால் அதன்பின் அன்டூ செய்ய முடியாது, சேவ் செய்துவிட்டுக் கொடுங்கள். பிரிஃபரன்சஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் ரேமில் எத்தனை சதவீதம் அதற்கு விட்டிருக்கிறோம் என்று பாருங்கள். 100 என்று தூக்கி வைக்காதீர்கள், விண்டோஸுக்கும் மூச்சுவிட இடம் வேண்டும். ஸ்கிராட்ச் டிஸ்க்கில் எவ்வளவு காலி என்று பாருங்கள். கிம்ப் என்கிற இலவச எடிட்டிங் சாஃப்ட்வேரைப் பயன்படுத்துகிறவர்களுக்கு, ரேமில் எவ்வளவு விடுவது என்பதற்கு டைல் கேஷ் அளவு என்று ஒரு அமைப்பு இருக்கிறது.

பழைய 32 பிட் பதிப்பை இன்னும் ஓட்டுகிற கடைகள் உண்டு. அதற்கு எவ்வளவு ரேம் வாங்கிப் போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் தொடாது. ஃபோட்டோஷாப்பில் 64 பிட் விண்டோஸுக்கு 2008-ல் சிஎஸ்4-லும், மேக்குக்கு 2010-ல் சிஎஸ்5-லும்தான் வந்தது. ரேமுக்குச் செலவு செய்வதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

அந்தத் திங்கள்கிழமை 16 ஜிபி ரேம் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் நான் யோசித்தேன். நீலப் பட்டை பல நிமிடம் ஓடி, ஒருவேளை முடிந்தும் இருக்கும். ஆனால் ஜேபெக்கில் ஒரு பக்கம் 65,535 பிக்சலைத் தாண்டக் கூடாது, அந்த வடிவத்தின் அமைப்பே அப்படி. நம் படத்தின் உயரம் 69,000. சேவ் செய்ய முடியாமல் அங்கே ஒரு புதுப் பிழையோடு நின்றிருப்போம். ரேமுக்குக் கொடுத்த பணமும் போய், அடுத்து எதை மாற்றச் சொல்லியிருப்பார்களோ.

மாசி மாதம் ஒரு அக்கா கடைக்கு வந்தார். 2016-ல் அவர் கல்யாணத்துக்குப் போட்டோ எடுத்தது அண்ணாச்சிதான். அப்பா இறந்துவிட்டார், பதினாறாம் நாளுக்குப் பெரிசாக ஒரு படம் வேண்டும், கல்யாணத்தன்று எடுத்ததில் நன்றாக இருப்பார் என்றார். அழிந்துபோன மூன்றில் ஒன்று அவருடையது.

அண்ணாச்சி சுற்றி வளைக்கவில்லை. "தப்பு எங்க மேலதான் தாயி, படங்க அழிஞ்சுபோச்சு" என்று நேராகச் சொன்னார். அந்த அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. நான்தான் கேட்டேன், வீட்டில் ஆல்பம் இருக்கிறதா என்று. இருந்தது. அன்று சாயங்காலமே வெல்வெட் பெட்டியோடு கொண்டுவந்தார்.

தாரை வார்க்கும் பக்கத்தில் அவர் அப்பா இருந்தார். சட்டை போடாமல், தோளில் அங்கவஸ்திரம், கண் கலங்கி, ஆனால் சிரித்த முகம். ஆல்பம் ஷீட் 36 இன்ச் நீளம், ஸ்கேனர் ஏ4 அளவுதான். ஆல்பத்தை விரித்துக் கவிழ்த்து, முதுகுப் பகுதி கனத்தில் கண்ணாடி உடைந்துவிடாமல் அண்ணாச்சி ஒரு பக்கம் தாங்கிப் பிடித்துக்கொள்ள, முகம் இருக்கும் இடத்தைக் கண்ணாடியின் நடுவே வைத்து 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தோம். லேமினேஷனின் பளபளப்பு ஒரு கன்னத்தில் விழுந்தது, ஆல்பத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்து இன்னொரு முறை எடுத்தோம். தோள் வரைக்கும் 2 இன்ச் அகலம், 2.5 இன்ச் உயரம் தேறியது. 1,200-க்கு 1,500 பிக்சல். 8-க்கு 10 பிரேமில் போட்டால் இன்ச்சுக்கு 150 பிக்சல் நிற்கும். சுவரில் மாட்டி நின்று பார்க்கிற தூரத்துக்கு அது போதும்.

க்ராப் டூலை எடுத்தேன். அண்ணாச்சி என் தோளுக்குப் பின்னால் குனிந்து வாய்விட்டுப் படித்தார். "அகலம் 8, இன்ச். உயரம் 10, இன்ச். ரெசல்யூஷன்?"

"காலி அண்ணாச்சி."

"சரி, காலி. தட்டும்மா."

தட்டினேன். அந்த அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு மானிட்டர் பக்கத்தில் உட்கார்ந்தார்.